நூல் பிடிக்கிற அன்றைக்கே
வேலூர் மாமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர் மாநகராட்சியின் 60 வார்டு மாமன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் சத்துவாச்சாரியில் குடியிருக்கிறேன். பத்திரம் எழுதுவது தொழில். முப்பது வருடமாக இந்த ஊர் மனைகளுக்கு நாலு எல்லை எழுதிப் பிழைக்கிறவன். அப்படிப்பட்ட நான் எழுப்பிய ஒரு காம்பவுண்டு சுவர், ஒரு மழை ராத்திரியில் பின்வீட்டு அக்காவை முழங்கால் தண்ணீரில் நிற்க வைத்தது. குற்றம் என்னுடையது. அதே தவறை இன்றைக்கும் தெருவுக்குத் தெரு செய்துகொண்டிருக்கிறோம் என்பதால்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

2021 நவம்பர் 18, வியாழக்கிழமை. மறுநாள் கார்த்திகை தீபம். அகல் விளக்குகளைக் கழுவித் துணி விரித்துக் கவிழ்த்து வைத்திருந்தோம். சாயங்காலம் பிடித்த மழை விடவே இல்லை. ராத்திரி ரெண்டு மணிவாக்கில் பின்பக்கச் சுவருக்கு அந்தாண்டை யாரோ கரண்டியால் தட்டுகிற சத்தம் கேட்டது. எழுந்து போனேன்.

"தம்பி, தண்ணி போவ மாட்டேங்குதுப்பா. கட்டில் காலு முங்கிடுச்சி" என்றார் அக்கா.

எங்கள் பக்கத்து நிலம் தெற்கே மலையடிவாரத்திலிருந்து வடக்கே பாலாற்றைப் பார்த்துச் சரிகிறது. அக்கா வீடு எங்களுக்குத் தெற்கே, மேட்டில். அவர் மனையில் பெய்யும் மழை காலங்காலமாக எங்கள் மனையின் மேற்கோரமாக ஓடிவந்து தெருவில் இறங்கும். நடுவில் இருந்தது கல்கால் நட்டு முள்கம்பி இழுத்த வேலி. அந்த வேலிக்குத் தண்ணீர் ஒரு பொருட்டில்லை. அந்த வருடம் சித்திரையில் அதைப் பிடுங்கிவிட்டு ஹாலோ பிளாக்கில் ஆறடிச் சுவர் எழுப்பினேன். மேஸ்திரி நல்ல வேலைக்காரர். நூல் பிடித்தார். டியூப்பில் தண்ணீர் நிரப்பி இந்த முனைக்கும் அந்த முனைக்கும் மட்டம் பார்த்தார். இம்மி பிசகாமல் சுவர் நின்றது. மழை பெய்தால் மேட்டுத் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

டார்ச் அடித்துப் பார்த்தேன். எங்கள் பக்கம் தரையில் வெறும் ஈரம்தான். சுவரின் கீழ் நாலு வரிசை மட்டும் கறுத்துப்போய், பூச்சு வழியாகத் தண்ணீர் முத்து முத்தாய்க் கசிந்துகொண்டிருந்தது. கடப்பாரையால் அடி வரிசையில் ஒரு கல்லை உடைத்தேன். உடைந்த துண்டை இழுப்பதற்குள் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. டீத்தண்ணி நிறம். அக்கா வீட்டு வாசலில் கிடந்த ஒரு ரப்பர் செருப்பும் அதோடு வந்து என் காலில் முட்டி நின்றது. பக்கத்தில் இன்னொரு கல்லையும் உடைத்தேன். முக்கால் மணி நேரத்தில் அவர் கூடம் வடிந்தது. தலைமாட்டில் வைத்திருந்த ரேஷன் அரிசி மட்டும் தப்பவில்லை.

விடிந்ததும் டிவியில் பேர்ணாம்பட்டு. மழையில் ஊறிய வீட்டுச் சுவர் இடிந்து 9 பேர் செத்துப்போயிருந்தார்கள். அதில் 4 பேர் குழந்தைகள். நம் மாவட்டம்தான், அதே மழைதான். ராத்திரி அந்தச் சுவரில் கை வைத்தபோது எனக்கு அது உறைக்கவில்லை. அந்தப் பக்கம் அத்தனை தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்க, நாலு பில்லரை நம்பி நின்ற சுவர் அது. சரிந்திருந்தால் கடப்பாரையோடு நான் நின்ற பக்கம்தான் சரிந்திருக்கும். அன்றைக்கு ராத்திரி வீட்டில் விளக்கு ஏற்றினோம். எனக்கு மனசு ஒட்டவில்லை.

இனி என் தொழிலை வைத்துச் சொல்கிறேன். கிரயப் பத்திரத்தில் சொத்து விவரம் எழுதும் இடத்தில் 'செக்குபந்தி' என்று ஒன்று வரும். கிழக்கே இன்ன தெரு, மேற்கே இன்னார் மனை, வடக்கே, தெற்கே என்று நாலு பக்கமும் யாரை ஒட்டி இருக்கிறோம் என்பதைச் சொல்வது அது. இதன் மத்தியில் கிழமேலடி இத்தனை, தென்வடலடி இத்தனை என்று அளவு வரும். கடைசியில், மாமூல் வழிநடை பாத்தியம், நீர்வழி பாத்தியம் சகிதம் என்று முடிப்போம்; பாத்தியம் என்றால் உரிமை. வாங்குகிறவர் அளவை மூன்று தடவை சரிபார்ப்பார். பாத்தியத்தைப் படிக்கிறவரை நான் பார்த்ததே இல்லை. என் சொந்தப் பத்திரத்திலும் 'நீர்வழி பாத்தியம்' என்று இருக்கிறது. எழுதினது நான்தான். எழுதின கையே அந்த வழியை அடைத்தது.

இது வெறும் மரபுச் சொல்லும் கிடையாது. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் ஆரம்பத்திலேயே நம் மதராஸ் மாகாணத்துக்கும் சேர்த்துப் போட்ட சட்டம். அதன் 7ஆம் பிரிவில் உதாரணங்களாகச் சில உரிமைகளைக் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒன்று: மேட்டு நிலத்தில் இயற்கையாக ஊறும் தண்ணீரும் அதில் பெய்யும் தண்ணீரும், வாய்க்கால் என்று தனியாக இல்லாவிட்டாலும், பக்கத்துப் பள்ள நிலத்தின் வழியே இயல்பாக ஓட விடப்பட வேண்டும் என்பது மேட்டு நிலத்துக்காரரின் உரிமை. நான் அக்காவுக்குச் செய்ய வேண்டியிருந்தது உபகாரம் ஒன்றும் இல்லை, அவருக்கு உரியதைத் தடுக்காமல் இருந்தாலே போதும்.

மலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற நம் ஊரில் இது ஒரு வீட்டுச் சங்கதியாக நிற்காது. நிக்கல்சன் கால்வாய் ஓரத்தில் கன்சால்பேட்டைக்காரர்களைக் கேளுங்கள், ஐப்பசி பிறந்தாலே வயிற்றில் புளி கரைக்கும் என்பார்கள். காட்பாடிப் பக்கம் கழிஞ்சூர், தாராபடவேடு ஏரிகளுக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கும் அதே கதை. அந்த 2021 நவம்பரில் கோட்டை அகழி நிரம்பி ஜலகண்டேசுவரர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றதை நாமெல்லாம் பார்த்தோம். கால்வாய் ஆக்கிரமிப்பைப் பற்றிப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் தண்ணீர் கால்வாய்க்கு வந்து சேருமுன் நூறு வீட்டுப் பின்கட்டைக் கடந்து வர வேண்டும். அங்கே ஒவ்வொரு சுவரும் ஒரு சின்ன அணை.

வீட்டுக்கு விதி உண்டு. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் மாநிலம் முழுமைக்கும் பொது. தெருவின் அகலத்தைப் பார்த்து முன்னால் இத்தனை இடம் விடு, பக்கவாட்டில் இத்தனை விடு என்று சொல்கிறது. 2024 ஜூலை முதல் 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்டுகிறவர்கள் சுயசான்று முறையில் இருந்த இடத்திலிருந்தே அனுமதி வாங்கிவிடலாம். நல்ல ஏற்பாடு, அலைச்சல் மிச்சம். ஆனால் அந்த வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அறை, ஜன்னல், படிக்கட்டு, மழைநீர்த் தொட்டி எல்லாம் அளவோடு இருக்கும். காம்பவுண்டு மட்டும் மனையைச் சுற்றி ஒரு கோடு. கடைகால் எவ்வளவு ஆழம், மேட்டுத் தண்ணீர் எங்கே இறங்கும், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று அந்தக் கோடு எதையும் சொல்லாது. வீட்டின் மற்ற எந்தப் பாகத்தில் தப்பு நடந்தாலும் கஷ்டம் நம்மோடு போகும். சுவர் ஒன்றுதான் அடுத்த வீட்டையும் தெருவையும் தொட்டுக்கொண்டு நிற்பது. அதற்குத்தான் நாம் யாரும் ஒரு நாள் யோசனை கூடச் செலவழிப்பதில்லை.

இன்னொரு சிக்கல், எல்லை ஒரு துறையிடமும் கட்டடம் வேறு துறையிடமும் இருப்பது. எல்லைக்கல்லும் அளவையும் வருவாய்த் துறையின் பொறுப்பு. 1923ஆம் ஆண்டு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி தன் நிலத்துக் கல்லைக் காப்பாற்றி வைப்பது பட்டாதாரரின் கடமை. நிலத்தின் அளவைக் காட்டும் புலப்படம் இணையத்தில் கிடைக்கிறது, கட்டணம் கட்டினால் சர்வேயர் வந்து அத்து, அதாவது எல்லை, காட்டுவார். இதையெல்லாம் செய்துவிட்டுச் சுவர் எழுப்புகிறவர் பத்தில் ஒருவர் இருந்தால் பெரிது. பழைய வேலி நின்ற இடத்தை வைத்தே நூல் பிடிக்கிறோம். பழைய வேலியோ வருடா வருடம் முள் வெட்டி நடும்போது கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்தது.

என்னிடம் வரும் தகராறில் பாதி இதுதான். 9 அங்குலச் சுவரை முழுக்க அடுத்தவர் பக்கம் ஏற்றிவிட்டால் 60 அடி நீளத்தில் 45 சதுர அடி போகிறது. கட்டினவருக்கே அது தெரிந்திருக்காது. பத்து வருடம் கழித்து அடுத்தவர் மனையை விற்கப் போகும்போது அளவு குறையும். அன்றைக்கு வரைக்கும் மாமா, மச்சான் என்று பழகினவர்கள் கோர்ட்டில் நிற்பார்கள். கடைகாலுக்குத் தோண்டும்போது சர்வே கல் தட்டுப்பட்டால் அதைப் பெயர்த்து ஓரமாகப் போடுகிற ஆட்களும் இருக்கிறார்கள். சிலர் கல்லோடு சேர்த்துக் காங்கிரீட் போட்டுவிடுவார்கள். கல் போன பிறகு சர்வேயர் மூணு தெரு தள்ளி வேறு கல்லைத் தேடிப் பிடித்து அங்கிருந்து அளந்து வர வேண்டும்.

பொதுச்சுவர் வைத்துக்கொள்வது நல்ல வழக்கம்தான். ஆளுக்குப் பாதி இடம், பாதிச் செலவு. ஆனால் வாய்ப்பேச்சோடு விடாமல் ஒரு தாளில் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வையுங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். எனக்கு வேலை கிடைக்கும் என்று சொல்லவில்லை. வெள்ளைத்தாளில் நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

தெருப்பக்கம் வந்தால் கதவும் ராம்ப்பும். பதினாறடித் தெருவில் கேட்டை வெளிப்பக்கம் திறக்க வைக்கிறோம். கார் ஏற வேண்டும் என்று வாசலில் சிமெண்டு ராம்ப்பை மூணு அடி தெருவுக்குள் இழுத்துவிடுகிறோம், அடியில் மழைநீர் கால்வாய் மண்டிப்போகிறது. எதிர்வீட்டுக்காரரும் அதையே செய்தால் நடுவில் என்ன மிச்சம்? எங்கள் வார்டில் ஒரு சந்துக்குள் 108 வண்டி நுழைய முடியாமல், நெஞ்சுவலிக்காரரை நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தெருமுனை வரைக்கும் தூக்கிக்கொண்டு ஓடினதை நான் பார்த்திருக்கிறேன். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு ஆட்கள் தேடி வருகிற ஊர் இது. தெருமுனை மனைக்காரர்களுக்கு இன்னும் ஒரு படி பொறுப்பு கூடுதல். லேஅவுட் போடும்போதே முனையைச் சாய்த்து ஸ்பிளே விடச் சொல்வது வண்டி ஓட்டுகிறவர் கண்ணுக்கு வழி தெரிய வேண்டும் என்றுதான். அந்த முனையில் ஏழடிச் சுவர் எழுப்பினால், பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளில் திரும்புகிற பிள்ளை கார் பக்கத்தில் வந்த பிறகுதான் காரைப் பார்க்கும்.

உயரத்தைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். திருட்டு பயம் எனக்கும் உண்டு. ஆனால் எட்டடி, பத்தடி என்று எழுப்புகிற சுவர்கள் திருடனுக்காக மட்டும் எழுவதில்லை என்பது நமக்கெல்லாம் தெரியும். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் சுமார் 20 அடிச் சுவர் மழையில் சரிந்து கீழே இருந்த வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த 17 பேரைக் கொன்றது. அடுத்தவர் கண்ணில் படக் கூடாது, அடுத்தவரும் நம் கண்ணில் படக் கூடாது என்று எழுப்புகிற சுவரைச் 'சொந்த விஷயம்' என்று விட்டுவிட ஒரு ஊராட்சிக்கும் மாநகராட்சிக்கும் உரிமை கிடையாது என்பது என் எண்ணம். அது விழும்போது அந்தப் பக்கம் இருப்பவர் மேல்தான் விழும்.

கண்ணாடிச் சில்லு பதிப்பதையும் இன்றோடு விட்டுவிடலாம். பூனையையும், பந்து எடுக்க ஏறும் பிள்ளையையும் தவிர வேறு யாரையும் அது கிழித்து நான் பார்த்ததில்லை. குடியாத்தம், பேர்ணாம்பட்டுக் காட்டோரத்தில் மின்வேலி வைக்கிறவர்களுக்கு 2023இல் அரசு தனி விதியே கொண்டுவந்து பதிவு செய்யச் சொல்லியிருக்கிறது. வீட்டுச் சுவருக்கு அந்த யோசனையே வேண்டாம்.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

நம் மாமன்றம் காம்பவுண்டுக்கென்று ஒரே ஒரு பக்கத்தில், மேஸ்திரிக்குப் புரிகிற தமிழில், ஒரு நடைமுறைத் தாள் கொண்டுவர வேண்டும். புதிதாகச் சட்டம் போடச் சொல்லவில்லை, இருக்கிற விதிகளையே சுவருக்குப் பொருத்திச் சொன்னால் போதும். அதன் முதல் வரி இதுவாக இருக்கட்டும்: நூல் பிடிக்கிற நாளை ரெண்டு நாள் முன்னதாக இரு பக்கத்து வீட்டுக்கும் பின்வீட்டுக்கும் சொல்ல வேண்டும், நூல் பிடிக்கும்போது அவர்களும் நிற்க வேண்டும். நூல் நிலையில் எதை மாற்றினாலும் செலவு ஒரு ரூபாய் கிடையாது, அவிழ்த்து வேறு ஆணியில் கட்டினால் முடிந்தது. கடைகால் போட்ட பிறகு அதே மாற்றத்துக்கு ஆயிரக்கணக்கில் போகும். சுவர் ஏறிவிட்டால் கோர்ட்டுக்குப் போகும்.

அந்த நூலுக்குப் பக்கத்தில் நின்று மூணு கேள்வி கேட்டால் போதும். கல் எங்கே? தண்ணீர் எங்கே? கதவு எந்தப் பக்கம்? கல்லைக் கண்ணால் காட்டிவிட்டுத்தான் தோண்ட வேண்டும். மேட்டுப் பக்கச் சுவராக இருந்தால் தரைமட்டத்தில் திறப்பு விட்டு, அங்கிருந்து தெருக் கால்வாய் வரைக்கும் தன் மனைக்குள் ஒரு சின்ன வாட்டம் கொடுத்துக் கொண்டுபோக வேண்டும். ஒரு பக்கம் மண் நிரப்பி மேடாக்குகிற சுவர் என்றால், கசிவு இறங்க இடைவெளி விட்டுப் பைப் சொருக வேண்டும்; பில்லர் எத்தனை, கடைகால் எத்தனை ஆழம் என்று ஒரு இன்ஜினியரிடம் கேட்காமல் தொடக் கூடாது. நாலரை அங்குலச் செங்கல் சுவர் ஈரமண்ணின் கனத்தைத் தாங்காது. கேட் உள்ளே திறக்க வேண்டும், அல்லது நகர்த்துகிற கேட்டாக இருக்க வேண்டும்.

எதிர்ப்பு வரும். எனக்கே வந்தது. நான் ஓட்டை விட்டதைப் பார்த்த பக்கத்து வீட்டு அண்ணன், "பாம்பு வரும்ப்பா, மலையோரம் வேற" என்றார். கம்பி வலை அடித்துக் காட்டினேன். மாசம் ஒரு தடவை சருகைத் தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. "அவங்க வீட்டுச் சாக்கடையும் இதுலதானே வரும்" என்றார் இன்னொருவர். வராது, வரவும் கூடாது. அந்த 7ஆம் பிரிவு சொல்வது ஊறி வருகிற தண்ணீரையும் பெய்கிற தண்ணீரையும் மட்டும்தான். துணி துவைத்த தண்ணீருக்கு அதில் இடமில்லை. அக்காவும் அதில் கறாராக இருக்கிறார், பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கூட வாழைக்குத்தான் விடுகிறார்.

ஒரு தாளால் ஊர் மாறிவிடுமா என்று கேட்பீர்கள். 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினபோதும் இதைத்தான் கேட்டோம். இன்றைக்கு நாம் சொல்லாவிட்டாலும் மேஸ்திரியே, "சார், மழைநீர் தொட்டிக்கு எங்க எடம் உடலாம்?" என்று கேட்கிறார். அந்தக் கேள்வி அவர் வாயில் ஏறிவிட்டது. காம்பவுண்டுக்கும் அப்படி ஒரு கேள்வி ஏறிவிட்டால் நான் எழுதுகிற வழக்குத் தாள்கள் பாதி குறைந்துவிடும்.

எல்லோரும் சுவரே கட்ட வேண்டும் என்றும் இல்லை. அந்தத் தாளில் பசுமை வேலிக்கும் ரெண்டு வரி கொடுங்கள். நொச்சியும் ஆடாதொடையும் ஆடு கடிக்காத செடிகள், நெருக்கி நட்டால் ரெண்டு வருடத்தில் அடைத்துக்கொள்ளும். கோணப்புளியங்கா வேலி முள்ளும் கொடுக்கும், சித்திரையில் பிள்ளைகளுக்குக் காயும் கொடுக்கும். வேலிகாத்தான் மட்டும் வேண்டாம், அது வேலியை விட்டு மனைக்குள் வந்துவிடும். நம் ஊர் கத்திரி வெயிலில் சிமெண்டுச் சுவர் பகலெல்லாம் வாங்கின சூட்டை ராத்திரி பத்து மணி வரைக்கும் கக்கிக்கொண்டிருப்பது ஜன்னலோரம் படுக்கிறவர்களுக்குத் தெரியும். நொச்சி அதைச் செய்யாது. தண்ணீருக்கும் அதனிடம் யாரும் ஓட்டை கேட்க வேண்டியதில்லை.

2022 நவம்பர் 1 முதல், வார்டுக்குள் பகுதி பகுதியாக மக்களைக் கூட்டிப் பேசும் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கத் தொடங்கியிருக்கின்றன. தெருவிளக்கு, குப்பை, குடிநீர் என்று பேசுகிறோம். இந்த ஐப்பசி மழைக்கு முன்னால் வருகிற கூட்டத்தில் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். மேஸ்திரிகளைக் கூப்பிடுங்கள், அவர்கள் இல்லாமல் பேசிப் பயனில்லை. அன்றைக்கு யாராவது தங்கள் பத்திரத்தைக் கொண்டுவந்தால், செக்குபந்தியையும் பாத்தியங்களையும் படித்து விளக்கிச் சொல்ல நான் வருகிறேன், பணம் வாங்க மாட்டேன்.

சுவரில் நான் உடைத்த ரெண்டு கல்லை மறுபடி வைக்கவில்லை. ஓரத்தைச் சிமெண்டு பூசிச் சீராக்கி, வலை அடித்து, அங்கிருந்து தெரு வரைக்கும் மேற்கோரமாக முக்கால் அடி அகலத்தில் ஒரு ஓடை எடுத்திருக்கிறேன். நேரில் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். மழை நாளில் வந்தால் தண்ணீர் போவதையே பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஒரு பத்திர எழுத்தர்,
சத்துவாச்சாரி, வேலூர்.